ஸ்லைடில் ஈசினோஃபில் தெரிந்தால் அலர்ஜிதானா?

மூக்குச் சளியை ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். ஈசினோஃபில் என்ற வெள்ளணு இருந்தால் அலர்ஜி, இல்லையென்றால் அலர்ஜி இல்லை என்கிறார்கள். விடிந்ததும் அடுக்குத் தும்மல் போடுகிறவர்களுக்கு இது பழகிய பேச்சு.

பேச்சு பழையதும்கூட. அலர்ஜிக்காரர்களின் சளியில் இந்தச் செல்கள் மிகுந்திருப்பதை அமெரிக்காவில் ஐயர்மன் என்ற மருத்துவர் 1927-இலேயே எழுதிவிட்டார். அலர்ஜியைத் தூண்டிவிடும் ஐஜிஇ எதிர்ப்பொருள் பிடிபட்டதோ 1960-களில்தான். அதுவரை ஈசினோஃபிலை நம்பியதில் தவறில்லை. இன்றும் அதையே முடிவாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஈசினோஃபில் அலர்ஜிக்கு மட்டும் உரிய செல்லா? 1981-இல் ஜேக்கப்ஸ் குழுவினர் ஒரு நோயாளிக் கூட்டத்தை விவரித்தார்கள். தும்மல், நீராய் ஒழுகும் மூக்கு, சளி நிறைய ஈசினோஃபில். ஆனால் தோல் பரிசோதனையில் எதற்கும் தடிப்பு எழவில்லை. அலர்ஜி இல்லாத ஈசினோஃபில் மூக்கழற்சி என்று அதைத் தனி நோயாகவே வகுத்துவிட்டார்கள். மூக்கில் சதை வளர்ந்தவர்களிடமும், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களிடமும் இதே செல்கள் குவிகின்றன. மூக்கை விட்டு ரத்தத்துக்கு வந்தால் நம் ஊரில் 'இஸ்னோபீலியா' என்று சொல்லப்படும் இருமல் நோயே சாட்சி. 1940-இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையிலிருந்து ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் எழுதிய அந்த இருமல் நோய்க்குக் காரணம் யானைக்கால் புழு என்பது பிறகு தெரிந்தது. தூசிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஈசினோஃபில் தெரியவில்லையென்றால் அலர்ஜி இல்லையா? மகரந்த அலர்ஜிக்காரருக்குப் பூக்காலம் முடிந்தபின் சளி எடுத்தால் ஸ்லைடு சுத்தமாக இருக்கலாம். ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடிப்பவருக்கு இந்தச் செல்கள் குறைந்துவிடும். நடுவில் ஜலதோஷம் பிடித்தால் நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளணு வந்து மூடிக்கொள்ளும். எத்தனை இருந்தால் 'பாசிட்டிவ்' என்பதிலும் ஒற்றுமை கிடையாது: நூறு செல்லுக்கு 10 என்பார் ஒருவர், 20 என்பார் இன்னொருவர்.

எல்லாம் சரியாக வந்தாலும் ஒரு கேள்வி மிச்சம். எதற்கு அலர்ஜி? மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சியா, கரப்பானா, சாலையோரப் பார்த்தீனியமா? ஸ்லைடு வாய் திறக்காது. தோலில் துளி வைத்துக் குத்தும் பரிசோதனை 15–20 நிமிடத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பாகப் பதில் சொல்லும். அதையும் நோயாளியின் கதையோடு ஒட்டிப் பார்த்தாக வேண்டும்.

ஸ்லைடைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. செலவு குறைவு, வலியும் இல்லை. நியூட்ரோஃபில் மலிந்திருந்தால் தொற்றைத் தேடலாம். ஈசினோஃபில் மலிந்திருந்தால், அலர்ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்டீராய்டு ஸ்ப்ரே கேட்கும் என்று ஓரளவு எதிர்பார்க்கலாம். அதன் வேலை அவ்வளவுதான்.

அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகிறவர்கள், தும்மல் எந்த மாதத்தில், எந்த அறையில் தொடங்குகிறது, சளி கொடுத்த நாளில் என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.