தோள் சீலைக்குச் சண்டை போட்ட ஊர் இது!

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அங்கி போட்ட கன்னியாஸ்திரீ, பர்தா போட்ட காலேஜ் மாணவி, மாலை போட்ட ஐயப்ப சாமி, நெற்றியில் நாமமிட்ட அய்யாவழிக்காரர்... எல்லாரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் முண்டியடிக்கிறார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனாலும் டீக்கடையில் ஒரு பேச்சு: "இந்தக் காலத்துல பர்தா எல்லாம் எதுக்குவே?"

அப்படிக் கேட்பவர் நம்ம ஜில்லாவின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டட்டும்!

இந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலம். நாடார் பெண்கள் மாரை மறைத்துத் தோள் சீலை போடக் கூடாது என்று கட்டுப்பாடு. மீறிய பெண்களின் துணியைச் சந்தையில் வைத்தே கிழித்தார்கள். 1829-ல் அரசு ஓர் உத்தரவு போட்டது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாமாம்; மேல்சாதியார் மாதிரி மேல்சீலை மட்டும் கூடாதாம்! 1859 ஜூலை 26-ல்தான் எல்லா நாடார் பெண்களும் மாரை மறைக்கலாம் என்று உத்தரவு வந்தது. அப்போதும், 'மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது' என்று ஒரு கொக்கி!

ஆண்களுக்கும் தொல்லைதான். தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்டவர் தலைப்பாகை கட்டக் கூடாது. 'கட்டிக்கொண்டே கும்பிடு' என்றார் அய்யா வைகுண்டர். இன்றைக்கும் சாமிதோப்பில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் கும்பிடுகிறார்கள்.

கர்நாடகத்தில் 2022-ல் மாணவிகளின் தலைத்துணி கோர்ட்டுக்குப் போனது. தடை செல்லும் என்றது ஐகோர்ட். சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கு நடக்கட்டும். ஆனால் தலைத்துணிக்காக ஒரு பெண்ணைப் பள்ளிக்கூட வாசலில் தடுத்து நிறுத்தினால், நஷ்டம் அவள் படிப்புக்குத்தானே?

"வீட்டில் கட்டாயப்படுத்திப் போட வைக்கிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டாயப்படுத்திப் போட வைப்பதும் தப்பு. கட்டாயப்படுத்திக் கழற்ற வைப்பதும் தப்பு. அடையாளம் பார்க்க வேண்டிய இடத்தில் முகத்தைக் காட்டச் சொல்லலாம். அது பாதுகாப்பு. மற்றபடி வேண்டுமா, வேண்டாமா என்று அவளே சொல்லட்டும்.

அன்றைக்கு நம்ம பாட்டிமார் அடி வாங்கியது வெறும் சீலைக்காக இல்லை. என்ன உடுத்துவது என்று தானே முடிவு செய்யும் உரிமைக்காக! அவர்கள் பேரன்மார் டீக்கடையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சட்டம் போடலாமா?