ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ்



வீட்டுக் கணினியைத் திறந்தவுடன், நீலத் திரையில் 'விண்டோஸ் 10' என்ற ஒரே பெயர் இரண்டு முறை தோன்றி, எதைத் திறக்க வேண்டும் என்று கேட்பதை உங்களில் அநேகர் கண்டிருப்பீர்கள். முப்பது விநாடிகள் காத்திருந்தால் ஒன்று தானாகவே திறந்துகொள்ளும். ஆகையால் வருஷக்கணக்காய் அதை அப்படியே விட்டுவிடுகிறோம்.

இது எப்படி நேரிடுகிறது? பழைய விண்டோஸ் தடுமாறும்போது, பழுதுபார்ப்பவர் அதை அழிக்காமல், ஹார்டு டிஸ்கின் வேறொரு பிரிவில் புதிதாய் ஒன்றை நிறுவிக் கொடுப்பதுண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபின், அதை வைத்துக்கொண்டே பக்கத்தில் விண்டோஸ் 11-ஐ நிறுவிக்கொண்டவர்களும் உண்டு. விண்டோஸ் 11-க்கு மட்டுமே குறைந்தது 64 ஜிபி கொள்ளளவு வேண்டும். சிறிய டிஸ்கில் இரண்டும் குடியிருந்தால், பிள்ளைகளின் பாடங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் இடம் ஏது?

தேவையற்றதை நீக்குவது சில நிமிஷ வேலை. ஆனால் எது தேவையற்றது என்று நிச்சயித்துக்கொள்வதே கருத்தாய்ச் செய்யவேண்டிய காரியம்.

இங்கே பலரை ஏமாற்றுவது டிரைவின் எழுத்து. பெரும்பாலும் ஒவ்வொரு விண்டோஸும் தான் இருக்கும் பிரிவையே 'சி' என்று அழைக்கிறது. மற்றதை 'டி' என்றோ 'ஈ' என்றோ காட்டுகிறது. முதலாவதைத் திறந்தால் 'சி' என்று தெரிந்த அதே இடம், இரண்டாவதைத் திறந்தால் 'டி' ஆகிவிடும். ஆகவே "டி-யில் இருப்பது பழையது" என்று ஒருவர் சொன்னதை நம்பி அழிக்காதிருங்கள். இரண்டையும் தனித்தனியே திறந்து, பிரிவின் மொத்த அளவையும் உள்ளிருக்கும் கோப்புகளையும் பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுத்து மாறும், பிரிவின் அளவு மாறாது.

அடுத்ததாக, பழைய விண்டோஸில் உங்களுடைய பொருட்கள் எவை என்று பாருங்கள். 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவை இருக்கும். திருமணப் படங்களும், ஊரிலிருக்கும் பெற்றோரின் படங்களும், சான்றிதழ் நகல்களும் அங்கேதான் தங்கியிருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடல்களும் கடிதங்களும் இருந்தால், அந்த எழுத்துருவையும் விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் தமிழ் யாவும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். நகலை அதே டிஸ்கில் வைப்பது பாதுகாப்பல்ல. தனியான எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

அதன்பின் ஒரு வாரம் புதிய விண்டோஸை மட்டும் பயன்படுத்துங்கள். பிரின்டர், தமிழ் விசைப்பலகை, இணையம் யாவும் சரியாயிருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். பிட்லாக்கர் பாதுகாப்பு இயங்கினால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

இப்பொழுது நீக்கலாம். வைத்துக்கொள்ள விரும்பும் விண்டோஸைத் திறந்து, 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடி, அதில் 'பூட்' என்ற பகுதிக்குச் செல்லுங்கள். இப்பொழுது இயங்குவதன் அருகில் 'கரண்ட் ஓஎஸ்' என்றிருக்கும். அதையே 'டீஃபால்ட்' ஆக்கிவிட்டு, மற்றதைத் தெரிந்தெடுத்து 'டெலீட்' செய்யுங்கள். இதனால் நீங்குவது பட்டியலிலுள்ள பெயர் மாத்திரமே; கோப்புகள் டிஸ்கிலேயே இருக்கும். கணினியை மறுபடி துவக்கிப் பார்த்தபின், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாகப் பழைய பிரிவை ஃபார்மட் செய்தால்தான் இடம் கிடைக்கும். அந்தப் பிரிவின்மேல் 'சிஸ்டம்' என்ற சொல் இருந்தால் தொடாதிருங்கள். கணினியைத் துவக்கும் கோப்புகள் அங்கே இருக்கின்றன. அதை அழித்தால் புதிய விண்டோஸும் திறக்காது. அந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

இரண்டு பெயர்கள் தோன்றுவதெல்லாம் பழுதல்ல. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்ததுண்டு. ஊரிலிருந்து அப்படிப்பட்ட ஒன்றைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தவர்கள், லினக்ஸின் பிரிவை அவசரப்பட்டு அழிக்கவேண்டாம். துவக்கும் பொறுப்பு லினக்ஸின் 'கிரப்' கையில் இருந்தால், அதன்பின் விண்டோஸும் திறக்காது நின்றுவிடும். முதலில் விண்டோஸின் துவக்கியைச் சீர்செய்த பிறகே லினக்ஸை நீக்கவேண்டும்.

தாமாகச் செய்யத் தயங்குகிறவர்கள் எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோகலாம். அங்கே "சுத்தம் செய்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால், டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்துவிடக்கூடும். அவர்களுக்கு அதுவே எளிது. எந்தப் பிரிவு இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று அளவோடு எழுதிக் கொடுங்கள். நகல் எடுக்காமல் கணினியைக் கையளிக்காதிருங்கள்.

அருமையானவர்களே, ஒரு விண்டோஸ் போனால் மறுபடியும் நிறுவிக்கொள்ளலாம். மறைந்துபோன தாயின் படம் போனால் யார் அதைத் திரும்ப எடுத்துத் தருவார்? ஆகையால் நகல் முந்தட்டும், நீக்கம் பிந்தட்டும்.