ஒன்றரை நிமிஷத்துக்கு இவ்வளவு வேகமா?



போன மாதம் ஒரு திங்கட்கிழமை. பிரேயர் பெல் அடிக்கிற நேரம். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "சீக்கிரம் போங்கப்பா, பி.டி. சார் வெளியே நிக்க வெச்சிடுவாரு" என்று நச்சரித்தது நான்தான். அப்பாவும் முறுக்கினார். நம் பள்ளித் தெருவில், ஓரமாக நின்ற ஷேர் ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆறாம் வகுப்புத் தம்பி குறுக்கே ஓடி வந்தான். அப்பா பிரேக் போட, வண்டி வழுக்கிக்கொண்டு போய் அவனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பயத்தில் அவன் கையிலிருந்த சாப்பாட்டுப் பை விழுந்து, தயிர்சாதம் ரோட்டில் கொட்டியது.

"பாத்து வரக் கூடாதா?" என்று எல்லோரும் அவனைத்தான் திட்டினார்கள். தப்பு யார் மேல என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளி 2 கி.மீ. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தால் 4 நிமிடம். 50-இல் வந்தால் 2 நிமிடம் 24 வினாடி. மிச்சம் 1 நிமிடம் 36 வினாடி. அவ்வளவுதான்! நடுவில் ஒரு சிக்னலில் நின்றால் அதுவும் போச்சு.

சரி, அதற்கு விலை என்ன? ஆளைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 30-இல் வரும் வண்டி சுமார் 8 மீட்டர் ஓடிவிடும். 50-இல் வருவது 14 மீட்டர், அதாவது நம்ம வகுப்பறை இரண்டு சேர்ந்த நீளம்! அதற்கப்புறம்தான் பிரேக்கே பிடிக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று அறிவியலில் படித்தோமே? அந்தக் கணக்குப்படி 50-இல் வரும் வண்டியின் ஆற்றல், 30-இல் வருவதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம், ரோட்டில் மறந்துவிடுகிறோம்.

"பசங்கதான் பாத்து வரணும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆட்டோ மறைத்தால் அந்தத் தம்பியின் தலைகூடத் தெரியாது. சின்னப் பிள்ளை தப்புப் பண்ணினால் திட்டு விழலாம், உயிர் போகலாமா?

"அதான் வேகத்தடை இருக்கே" என்பார்கள். ஏறி இறங்கியதும் மறுபடி முறுக்குகிறார்களே! பைக்காரர்கள் ஓரத்து இடைவெளியில் நுழைந்து போய்விடுகிறார்கள்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கி.மீ.தான் என்று அறிவித்தது. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக சாலைப் பாதுகாப்பு மாநாடும், நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடத்தில் 30-ஐத்தான் வலியுறுத்தியது.

ஆனால் எந்தப் போலீஸ்காரரும் நம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரப்போவதில்லை. உட்கார்ந்திருப்பது நாம்தான். அதனால் என் கருத்து இதுதான்: ராத்திரியே புத்தகப் பையை அடுக்கி வைப்போம். பத்து நிமிடம் முன்னால் கிளம்புவோம். லேட்டானாலும் "மெதுவா போங்கப்பா" என்று சொல்வோம். தெருமுனையிலேயே இறங்கி நடந்து வருவோம்.

மறுநாள் அந்தத் தம்பியைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு முழத்தில் தப்பியது நண்பர்களே!

பதறாத காரியம் சிதறாது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி