மண்ணெண்ணெய் அடுப்பு புகைவது ஏன்?

மாரிக்காலம் பிறந்துவிட்டது என்பதை அறிய மட்டக்களப்பில் வானத்தை நோக்க வேண்டுவதில்லை; குசினித் தாழ்வாரத்தில் அடுக்கிய விறகைத் தொட்டுப் பார்த்தாலே போதும். ஈர விறகோடு போராட இயலாத இல்லத்தரசிகள், பரணில் கிடக்கும் மண்ணெண்ணெய்க் குக்கரைக் கீழே இறக்குகின்றனர். அவற்றுட் பல 2022 ஆம் ஆண்டிலே, எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்ற காலத்திலே, அவசரமாக வாங்கப்பட்டவை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது; எரிவாயுவும் மெல்ல மெல்லக் கிடைக்கலாயிற்று; குக்கர்கள் மூலைக்குப் போயின. இன்று அவற்றைத் துடைத்துப் பற்றவைத்தால், நீலச் சுவாலைக்குப் பதிலாக மஞ்சட் சுவாலையும், சட்டியின் அடியில் கரியும், கண்ணில் நீருமே மிச்சம். உடனே, "அடுப்புக் கெட்டுப்போயிற்று" என்று தீர்ப்புக் கூறிப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடுகின்றனர்.

இத்தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பேயாம். திரி அடுப்பில் கெடத்தக்க உறுப்புகள் சிலவே. எண்ணெய்த் தொட்டி, திரிகள், அவற்றை ஏற்றி இறக்கும் திருகு, சுவாலையைச் சூழ்ந்து நிற்கும் துளையிட்ட தகட்டு உருளைகள் இரண்டு: இவ்வளவுதான். திரி உறிஞ்சி மேலே கொண்டுவரும் எண்ணெய் ஆவியாகி, அவ்விரு உருளைகளுக்கும் இடையில், துளைகள் வழியே வரும் காற்றோடு கலந்து எரிகின்றது. காற்று போதுமானால் சுவாலை நீலம், போதாவிடின் மஞ்சள். எரியாது எஞ்சிய கரியே சட்டியில் அப்பிக்கொள்கின்றது. ஆகவே, மஞ்சட் சுவாலையைக் கண்டவுடன் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்றே: எண்ணெய் மிகுந்ததா, காற்றுக் குறைந்ததா?

முதலிற் சற்றுப் பொறுத்திருங்கள். பற்றவைத்த சில நிமிடங்களுக்கு, உருளைகள் சூடேறும் வரையில், எந்தத் திரி அடுப்பும் மஞ்சளாகவே எரியும். அதன் பின்னும் மாறாவிடின், அடுப்பை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, உருளைகளை இடமும் வலமுமாகச் சிறிது திருப்பி அமர்த்துங்கள். கழுவித் துடைத்துத் திரும்ப வைக்கும்போது உருளை ஒரு பக்கம் சாய்ந்து உட்காருவதுண்டு, அப்பக்கமே புகையும். ஓரிடத்தில் மாத்திரம் சுவாலை நாக்கு நீட்டுமாயின், அவ்விடத்துத் திரி மற்றவற்றினும் உயர்ந்து நிற்கின்றதென்று பொருள். எல்லாத் திரிகளையும் ஒரே மட்டத்தில் கத்தரித்து, பிசிறுகளை நீக்கிவிடுங்கள்.

உருளைகளின் துளைகளையும் மறவாது பாருங்கள். வாவியோரத்திலும் கடலோரத்திலும் வீசும் உவர்க்காற்று மெல்லிய தகட்டை எளிதில் துருப்பிடிக்கச் செய்யும். துருவும் கரியும் துளைகளை அடைத்துவிட்டால் காற்றுக்கு வழியேது? பழைய பற்தூரிகை ஒன்றினால் தேய்த்துத் தட்டிவிட்டால் பாதி நோய் தீர்ந்துவிடும். ஆனால் ஆணியால் குத்தித் துளையைப் பெரிதாக்கலாகாது. ஒவ்வொரு துளையும் அளவறிந்து இடப்பட்டது.

சுவாலை படபடவென வெடித்து எரிந்தாலோ, எண்ணெய் நிறைய இருந்தும் சோர்ந்து அணைந்தாலோ, குற்றம் தண்ணீரிலே. தண்ணீர் மண்ணெண்ணெயிலும் பாரமானது. தொட்டியின் அடியிற் போய்த் தங்கும். திரியின் கால் நிற்பதும் அங்கேதான். தொட்டியிலுள்ளதைக் கண்ணாடிப் போத்தலொன்றில் ஊற்றிச் சிறிது நேரம் அசையாது வைத்தால், அடியில் நீர் பிரிந்து நிற்பதைக் கண்ணாற் காணலாம். தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, நீரை உறிஞ்சிய திரிகளையும் நன்கு உலர்த்தியோ மாற்றியோ போட வேண்டும்.

இனி, உதிரி உறுப்புத் தேடும் படலம். திரி வாங்கப் புறப்படும்போது, எரிந்து குறுகியதாயினும் பழைய திரியொன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மட்டக்களப்பு நகரக் கடைகளிலோ காத்தான்குடிக் கடைத்தெருவிலோ போய் நின்று, "குக்கர் திரி" என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வருமென்று சொல்ல முடியாது. மெல்லிய திரி குழாயினுள் நில்லாது தொட்டிக்குள் வழுக்கி விழும். பருத்த திரியோ நெரிபட்டு எண்ணெயை ஏறவிடாது. வாங்கினால் எல்லாத் திரிகளையும் ஒருங்கே மாற்றுவதுதான் முறை. இரண்டைப் புதிதாக்கி மற்றவற்றைப் பழையபடி விட்டால் சுவாலை ஒருபோதும் சமனாகாது. புதுத் திரி எண்ணெயில் அரை மணி நேரமாவது ஊற வேண்டும். ஊறாமற் பற்றவைத்தால் எண்ணெய்க்குப் பதிலாகத் திரியே எரியும். பழஞ்சேலையைக் கிழித்துத் திரிப்போரும் உளர். சுத்தப் பருத்தியானால் ஆபத்துக்கு உதவும். நைலோன் கலந்த துணியோ உருகிக் குழாயை அடைத்துவிடும்.

உருளைகள் கிடைப்பதுதான் அரிது. ஒரு ரகத்து உருளை மற்றொன்றில் அமராது. தகர வேலை செய்பவர் அழகாக வளைத்துக் கொடுப்பார்; எனினும் துளைகளின் அளவும் வரிசையும் பிசகினால் நீலச் சுவாலை வராது. என் கருத்தில், அயல்வீட்டிலே கிடக்கும் அதே ரகத்துப் பழுதான அடுப்பொன்றைக் கேட்டு வாங்கி, இரண்டிலிருந்து ஒன்றை ஆக்குவதே மேல். பழைய இரும்புக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாமென்றது இதற்காகவுந்தான்.

இவை யாவும் புகைக்கு மருந்து. உயிருக்கு உலை வைக்கும் பிழை வேறொன்றுண்டு. கடற்றொழில் செய்யும் குடும்பங்களிலே, இயந்திரப் படகுக்கு வேண்டிய பெற்றோலும் மண்ணெண்ணெயும் அருகருகே, ஒரே மாதிரியான கான்களில் இருப்பது வழக்கம். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசு வரையாவது சூடேறினாலன்றி அதன் ஆவி தீயைப் பற்றாது. பெற்றோலோ உறைநிலைக்கு 40 பாகை கீழேயும் பற்றவல்லது. மண்ணெண்ணெயில் சிறிதளவு பெற்றோல் கலந்தாலும், தொட்டிக்குள்ளே எரிபற்றும் ஆவி நிறைந்து, அடுப்பு வெடிகுண்டுக்கு ஒப்பாகும். ஆகவே அடுப்பெண்ணெய்க்கென்று தனிக் கலனொன்றை நிறத்தால் வேறுபடுத்தி, படகுச் சாமான்கள் வைக்கும் இடத்திலிருந்து அப்பால் வையுங்கள். மணத்தில் ஐயம் தோன்றினால் அவ்வெண்ணெயை அடுப்பில் ஊற்றவே வேண்டாம். நெருப்புக் காட்டிச் சோதிக்கவும் வேண்டாம். எரிகின்ற அடுப்பில் எண்ணெய் விடுவதும் இவ்வகைத் தவறே. தீ மீறி எழுந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். ஈரச் சாக்கினால் மூடுங்கள்.

மழைக்குப் பயந்து கதவு, யன்னல் யாவற்றையும் அடைத்துக்கொண்டு சமைப்போருக்கும் ஒரு வார்த்தை. காற்றுக் குறைந்து எரியும் அடுப்பு காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒரு யன்னலாவது திறந்திருக்கட்டும்.

எரிவாயு அடுப்பு வைத்திருப்போர் இவை தமக்கல்ல என்று எண்ண வேண்டாம். அங்கும் மஞ்சட் சுவாலை காற்றுக் குறைவின் அடையாளமே. சிலந்தி கட்டிய கூடு காற்றுத் துளையை அடைப்பதுண்டு. 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்து மக்களைக் கலங்கவைத்தமை நினைவிருக்கும். றப்பர்க் குழாயும் றெகுலேற்றரும் பழுதாயின் அவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. நாடா சுற்றாமல் தரமானதாகப் புதிது வாங்குக. பொருத்திய பின் இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் வாயு கசிகின்றது.

பம்ப் அடித்து எரிக்கும் பித்தளை அடுப்பின் தோல் வாசரையும் நிப்பிளையும் பற்றி அடுத்த கிழமை எழுதுவேன்.