அந்த மாத்திரை வேண்டாம் என்பவளுக்கு

சென்ற ஆடி மாதத்தில் ஒரு முற்பகல், புறநோயாளர் பிரிவில் எண் கூப்பிட்டதும் உள்ளே வந்த ஒரு தாய், பிளஸ் டூ படிக்கும் தன் மகளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றபடியே, “டாக்டரம்மா, தூரமாகுற அன்னைக்கு இவளுக்கு வயித்து வலி உயிர் போவுது, போன தடவை காட்டின இடத்துல கர்ப்பத்தடை மாத்திரையை எழுதிட்டாங்க, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அது வேணாம், வேற ஏதாச்சும் குடுங்க” என்றார். இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். மெஃபனமிக் அமிலமும் டைசைக்ளோமினும் சேர்ந்த, மருந்துக்கடையில் சீட்டில்லாமலே பெயர் சொல்லி வாங்குகிற அந்தக் கூட்டு மாத்திரைதான். அதில் ஒன்று சரிபாதியாக ஒடிக்கப்பட்டு, மீதிப் பாதி கிழிந்த அலுமினியத் தாளுக்குள்ளேயே திரும்பச் செருகப்பட்டிருந்தது. முழு மாத்திரை கொடுத்தால் பின்னாளில் கர்ப்பம் தங்காது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். ஆகையால் மகள் வலி பொறுக்க மாட்டாமல் சுருண்டு படுத்து, ஒரு முறை வாந்தியும் எடுத்த பிறகு, பாதி மட்டும் கொடுப்பது வழக்கமாம்.

இந்த இதழை வாசிக்கும் மகப்பேறு மருத்துவர்களும் குடும்ப மருத்துவர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் இத்தகைய தாயை வாரத்துக்கு ஒரு முறையேனும் சந்திக்கிறவர்கள். அவ்வேளையில் நம்மில் பலர் செய்வது என்னவென்றால், கருத்தடை மாத்திரை பற்றிய அவருடைய பயத்தை நீக்க இரண்டு நிமிஷம் வாதாடிப் பார்த்து, அது பலிக்காதபோது, ‘சிகிச்சையை மறுத்துவிட்டார்’ என்று சீட்டில் எழுதி அடுத்த எண்ணைக் கூப்பிடுவதே. அந்தத் தாய் மறுத்தது ஒரு மருந்தையே தவிர, சிகிச்சையை அன்று. ‘வேறு ஏதாவது கொடுங்கள்’ என்று அவர் கேட்ட அந்த வேறு, உண்மையாகவே நம் கைவசம் இருக்கிறது என்பதும், அதை நாம் அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதாலேயே அது பயனற்றதாகத் தோன்றுகிறது என்பதும் எமது திடமான அபிப்பிராயம்.

கருத்தடை மாத்திரையைத் தூஷிப்பது இவ்வுரையின் நோக்கம் அன்று. கருமுட்டை வெளிப்படுவதை நிறுத்தி, கருப்பையின் உட்சவ்வை மெலிதாக்கி, அதனால் வலிக்கு மூலமான பொருள் உண்டாவதையே குறைக்கும் அம்மருந்து பல பெண்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. விரும்புகிறவர்களுக்கு அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். ஆயினும், கண்முன் மின்னல் தெறித்துப் பின் தலைவலி தொடங்கும் ஒற்றைத் தலைவலிக்காரிக்கும், முன்பு இரத்தக்கட்டு ஏற்பட்டவளுக்கும், கருத்தரிக்க ஆவலாய்க் காத்திருப்பவளுக்கும் அது பொருந்தாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்பவளிடம் அதன் சக்தி குன்றிவிடுகிறது. இவையொன்றும் இல்லாமல், எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்கிறவளும் இருக்கிறாள். அவளுடைய சொல்லுக்கு வேறு காரணம் தேவையில்லை. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்நாட்டில் மணமான பெண்களுள் இம்மாத்திரையைக் கருத்தடைக்கென உபயோகிப்பவர்களே நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான் என்னும்போது, மணமாகாத பெண்ணின் சூதக வலிக்கு அதையே முதல் மருந்தாக வைத்துக்கொண்டு தொடங்கும் ஆலோசனை, பெரும்பாலான வீடுகளின் வாசற்படியிலேயே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

இந்த வலி எதனால் உண்டாகிறது என்பதை நோயாளிக்கு விளக்கும் பொறுமை நமக்கு இருந்தால், சிகிச்சையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பிக்கிள்ஸ் என்னும் அறிஞர், மாதவிடாய்க் கழிவில் தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் இருப்பதாக 1957-இல் எழுதினார். அப்பொருள் பிராஸ்டகிளாண்டின் வகையைச் சேர்ந்ததென்பதும், வலியுள்ள பெண்களிடம் அது மிகுந்து காணப்படுகிறதென்பதும் பின்னர் தெளிவாயின. புரோஜெஸ்டிரோன் இறங்கியதும் உட்சவ்விலிருந்து வெளிப்படும் அப்பொருள் கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்க, உள்ளழுத்தம் உயர்ந்து, தசைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, மாரடைப்பில் நெஞ்சு வலிப்பது போலக் கருப்பை வலிக்கிறது. அதுவே குடலையும் தாக்குவதால் குமட்டலும் பேதியும் சேர்கின்றன. ‘பிள்ளை வேஷம் போடுகிறாள்’ என்று பாட்டி சொல்வதும், ‘மனசு சம்பந்தப்பட்டது’ என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் சொல்லிவந்ததும் எவ்வளவு கொடிய தவறு என்பது அந்த ஆய்வுகளிலேயே நிரூபணமாகிவிட்டது. 1971-இல் ஜான் வேன், ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் பிராஸ்டகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கின்றன என்று காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுக்கப்படுவது உற்பத்தி என்பதைக் கவனிக்க வேண்டும். உண்டாகி வெளிப்பட்டு வேலையைத் தொடங்கிவிட்ட பொருளை இம்மருந்து திரும்ப அழைப்பதில்லை.

ஆகவே அந்தத் தாய் மேஜைமேல் வைத்த பாதி மாத்திரையின் கணக்கை அவர் எதிரிலேயே போட்டுக் காட்டினோம். மெஃபனமிக் அமிலம் முதல் வேளை 500 மில்லிகிராமும், பின்பு ஆறு மணிக்கு ஒரு முறை 250 மில்லிகிராமும் கொடுக்க வேண்டியது, முழு மாத்திரையில் இருப்பதே 250, பாதியில் 125. அதாவது, முதல் வேளைக்கு உரியதில் நாலில் ஒரு பங்கை, அதுவும் உற்பத்தி முற்றி மூன்று மணி நேரம் கழிந்தபின், வாந்தி எடுத்த வயிற்றில் கொடுத்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று அவர் முறையிட்டிருக்கிறார். உதிரம் தென்பட்ட உடனேயோ, நாள் கணக்குத் தவறாதவளாயின் முதல்நாள் மாலையிலிருந்தோ, சாப்பாட்டுக்குப் பின், வலி வந்தாலும் வராவிட்டாலும் வேளை தவறாமல், இரண்டு அல்லது மூன்று நாள் மட்டும் கொடுப்பதே முறை. இவ்விதம் விடாய் நாட்களில் மட்டும் உட்கொள்வதால் கர்ப்பம் தங்காமற் போகாது என்பதையும், கேட்பதற்கு முன்பே, நாமாகவே சொல்லிவிட வேண்டும். அந்த வாக்கியம் விடுபட்டால் மாத்திரை மறுபடியும் ஒடிக்கப்படும்.

இவ்வகை மருந்துகளைப் பற்றி 2015-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு எண்பது பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வெற்று மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்கு 18 பேர் நல்ல நிவாரணம் பெற்றால், மருந்துண்டவர்களுள் 45 முதல் 53 பேர் வரை பெறுகிறார்கள் என்று கணித்தது. பெரிய லாபம்தான், ஆனால் ஏறக்குறைய சரிபாதிப் பேருக்கு இது மட்டும் போதாது என்பதும் அதே கணக்குத்தான். குடற்புண், சிறுநீரக உபாதை, ஆஸ்பிரின் பட்டால் இழுக்கும் ஆஸ்துமா ஆகியவற்றை விசாரிக்காமல் எழுதலாகாது. ஐப்பசி கார்த்திகையில் காய்ச்சலோடு வருகிறவளுக்கு, டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரை பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெஃபனமிக் அமிலத்தால் காய்ச்சல், தோல் தடிப்பு, ஈசினோஃபில் பெருக்கம், உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவை சேர்ந்த ‘ட்ரெஸ்’ என்னும் அபூர்வமான ஒவ்வாமை நேரலாம் என்று 2023 நவம்பரில் இந்தியப் பார்மகோபியா ஆணையம் எச்சரித்ததை, வாங்கிச் செல்பவர் அறியமாட்டார். தோலில் தடிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட்டு வா என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இதே விஷயம் எந்த உருவெடுத்தது என்பதையும் மறக்கலாகாது. சுமார் நூறு பெண் தொழிலாளர்களிடம் விசாரித்துத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-இல் வெளியிட்ட புலனாய்வின்படி, விடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு வேலைத்தலத்திலேயே பெயரும் அளவும் அச்சிடப்படாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திராமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒரு வீட்டில் பயத்தால் பாதியாக ஒடிக்கப்படும் அதே வகை மருந்து, வேறோர் இடத்தில் என்ன, எவ்வளவு, எத்தனை நாள் என்ற விவரமே இன்றி உள்ளங்கையில் திணிக்கப்படுகிறது. தொழிற்சாலை மருத்துவ அறைகளில் பணிபுரியும் நம் செவிலியர்கள், பெயரில்லாத பட்டை எதையும் தம் அலமாரியில் அனுமதிக்கக் கூடாது என்று இந்த இதழின் வாயிலாக வேண்டிக்கொள்கிறோம்.

மருந்தல்லாத உபாயங்களுள் நாம் முதலிடம் தருவது ஒத்தடத்துக்கே. தோசைக்கல்லில் சூடேற்றிய துணியையோ வெந்நீர்ப் பையையோ அடிவயிற்றில் வைப்பது பாட்டிமார் காரியம் என்று படித்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 2001-இல் நடந்த ஒரு பரிசோதனையில், ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தொடர்ந்து தரும் ஒட்டுப்பட்டையை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அணிந்த பெண்கள், 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் மூன்று வேளை உண்டவர்களுக்குச் சமமான நிவாரணம் பெற்றார்கள். இரண்டையும் சேர்த்தவர்களுக்கு நிவாரணம் சீக்கிரமாகவும் வந்தது. இதில் உற்று நோக்கத்தக்கது வெப்பம் கடுமையாயிராமல் மிதமாயும், விட்டுவிட்டு இல்லாமல் நெடுநேரமும் இருந்தது என்பதே. தோல் கன்றும் அளவுக்குச் சுட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவதில் அந்தப் பயன் இல்லை. அடிவயிற்றில் வலைபோல் கறுத்த தழும்போடு வரும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவளுக்கு, மூடி இறுக்கமான புட்டியில் வெந்நீர் ஊற்றி, துண்டு சுற்றி மடியில் வைத்துக்கொள்ளும் வழியைச் சொல்லலாம், செலவு ஒன்றுமில்லை.

தேகப்பயிற்சியைப் பற்றி 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பு, வாரத்துக்கு மூன்று முறை, 45 முதல் 60 நிமிஷம் வரை செய்துவந்தவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்ததென்கிறது. ஆதாரத்தின் தரம் குறைவென்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. சுக்கைப் பொறுத்தவரை, ஈரானில் மாணவிகளிடம் செய்த ஒரு பரிசோதனையில் 250 மில்லிகிராம் இஞ்சித் தூள் நாளுக்கு நான்கு வேளை, மூன்று நாள் கொடுத்ததில் மெஃபனமிக் அமிலத்துக்குப் பின்தங்கவில்லை. வீட்டில் சுக்குக் காப்பி கொடுக்கட்டும், ஆனால் அளவு அதுவல்ல என்பதும் தெரிந்திருக்கட்டும். நம் நாட்டில் 1996-இல் கோகலே என்பவர் 556 பெண்களுக்கு வைட்டமின் பி1 தினம் 100 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பெற்ற பலன் வியக்கத்தக்கது. அத்தனை வியப்புக்குரியதாய் இருப்பதனாலேயே, அந்த ஒரு பரிசோதனையை மாத்திரம் நம்பி, வேறு மருந்தை நிறுத்திவிட நாம் துணிவதில்லை.

இவற்றையெல்லாம் முறையாகச் செய்தும் மூன்று விடாய்க்குள் குணம் காணாவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே சில குறிகள் தென்பட்டால், நமது கடமை திசைமாறுகிறது. சாதாரணச் சூதக வலி, பூப்பெய்தி ஆறு மாதமோ ஒரு வருஷமோ சென்று, கருமுட்டை வெளிப்படத் தொடங்கிய பின்பே தலைகாட்டும். முதல் விடாயிலிருந்தே கடும் வலி இருப்பின், உதிரம் வெளியேறும் வழியில் பிறவித் தடை உண்டா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வலி கூடிக்கொண்டே போவதும், விடாய் இல்லாத நாட்களிலும் வலிப்பதும், அந்நாட்களில் மலங்கழிக்கையில் குத்துவதும், மணமானவளாயின் சேர்க்கையில் வலிப்பதும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற சந்தேகத்தை எழுப்ப வேண்டியவை. அடினோமயோசிஸ், காப்பர்-டி, இந்நாட்டில் மறக்கவே கூடாத பிறப்புறுப்புக் காசநோய் ஆகியனவும் உண்டு. எண்டோமெட்ரியோசிஸைத் தீர்மானிக்க எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி செய்தாக வேண்டும் என்ற பழைய விதியை ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் 2022-இல் தளர்த்திவிட்டது. கவனமான விசாரணையும் நல்ல ஸ்கேனும் கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம்.

இவ்விடத்தில் எமது தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் கல்லூரிக்குப் போக முடியாத ஒரு பெண்ணிடம், அன்று எல்லோரும் சொன்னதையே, ‘கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்’ என்று யாமும் சொல்லி அனுப்பினோம். எட்டு வருஷம் கழித்துக் குழந்தை இல்லையென்று அவர் வேறொரு மருத்துவரிடம் போனபோது, இரு சினைப்பைகளிலும் சாக்லேட் கட்டிகள் இருந்தன. மலங்கழிக்கையில் வலிக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்; கேட்கவில்லை. உலகில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்கள் சுமார் 19 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோய் இன்னதென்று தெரிய அவர்களுக்குப் பல வருஷங்கள் ஆவதில் எம் போன்றோரின் பங்கு சிறிதன்று.

கேட்கப்படாத வலி போய்ச் சேரும் மற்றோர் இடம் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம். கரும்பு வெட்டும் பெண்களின் நிலையை ஆராய 2019-இல் அம்மாநிலம் அமைத்த குழு, விசாரித்த 82,309 பெண்களுள் 13,861 பேர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள் என்று கண்டது. அவர்களுள் நாற்பது வயதுகூட ஆகாதவர்கள் பலர். வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்தக்காரர் பிடிக்கும் பணமும், வலிக்கும் உதிரப்போக்குக்கும் அறுவையைத் தவிர வேறு வழியே இல்லை என்று சொன்ன மருத்துவமும் சேர்ந்து செய்த காரியம் அது. சாப்பாட்டுக்குப் பின், உரிய வேளையில் கொடுத்த இரண்டு மாத்திரையும், மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேனும் அவர்களுள் எத்தனை பேருக்குப் போதுமானதாய் இருந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஆடியில் வந்த அந்த மாணவி ஐப்பசியில் திரும்ப வந்தாள். இம்முறை பேசியவள் அவளே, தாய் உட்கார்ந்திருந்தார். நாம் சொல்லியபடி, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று பென்சிலால் எண் போட்டிருந்தாள்: முதல் மாதம் எட்டு, அடுத்தது ஐந்து, பிறகு மூன்று. குறிகள் ஒன்றும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் அன்று நாள் வரும் போலிருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே தொடங்கிவிடு என்றோம். தேர்வறையில் வெந்நீர்ப் புட்டியை மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டாள். எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தோம்.