ஒரு மூட்டை கரை சேர என்ன கூலி?

வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைத்துப் பழக்கமில்லாதவர்கள், கப்பல் கூலியைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். கிளியரிங் ஏஜென்ட் நீட்டும் பில்லைப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை நடத்துபவர் தைவானிலிருந்து ஒரு மெஷின் வாங்கினாலும் சரி, துபாயில் பல வருடம் இருந்த குடும்பம் வீட்டுச் சாமான்களைக் கன்டெய்னரில் ஏற்றிவிட்டு ஊர் திரும்பினாலும் சரி, அனுபவம் ஒன்றுதான். சுங்க வரி தனி. அதற்கு மேல் சரக்கை இறக்கிய கூலி, இடம் மாற்றிய கூலி, துறைமுகக் கட்டணம், கிடங்கு வாடகை. குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் ‘டெமரேஜ்’ என்ற பெயரில் நாளுக்கு நாள் ஏறும் தொகை.

இந்த பில்லில் இருக்கும் பல வரிகள் வெள்ளைக்காரர் காலத்து மெட்ராஸில் உருவானவை. அன்றைக்கும் இன்றைக்கும் அதில் ஒளிந்திருக்கும் கேள்வி ஒன்றே. சரக்குக்கு ஆபத்தோ தாமதமோ வந்தால், அதற்கான காசு யார் கையிலிருந்து போக வேண்டும்?

துறைமுகத்தில் காசு வாங்குவதே வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்குகளுக்குச் சோழரின் புலி முத்திரை குத்தி அனுப்பிய சுங்கக்காரர்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. 1244-ம் ஆண்டு வாக்கில் காகதீய மன்னர் கணபதிதேவர், இன்றைய ஆந்திரக் கடற்கரையில் இருக்கும் மோட்டுப்பள்ளியில் ஒரு கல்வெட்டு வைத்தார். புயலில் சிக்கி உடைந்த கப்பலின் சரக்கை முந்தைய மன்னர்கள் பறித்துக்கொண்டார்கள், இனி அப்படி நடக்காது, முப்பதில் ஒரு பங்கு வரி மட்டும்தான் என்று கடல் வணிகர்களுக்கு அதில் உறுதி கொடுத்தார். கட்டணம் இவ்வளவுதான், ஆபத்தில் மாட்டியவனிடம் பிடுங்கமாட்டோம் என்று கல்லிலேயே எழுதிக்கொடுத்திருக்கிறார்!

துறைமுகமே இல்லாத பட்டினம்

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த மெட்ராஸ் கடற்கரையில் கப்பல் ஒதுங்க இயற்கையான இடம் எதுவும் கிடையாது. ஆறு மாதம் கடலில் மிதந்து லண்டனிலிருந்து வந்த கப்பல், கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் அலை. பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ முழங்கால் ஆழத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அலையின் இழுப்பு தெரியும். கப்பலின் சொந்தப் படகை இறக்கினால் அலை அதைக் கரையில் அடித்து நொறுக்கிவிடும்.

அங்கேதான் மசூலாப் படகு வந்தது. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். உயரமான பக்கங்கள், உள்ளே மூட்டைகள், துடுப்புப் போடப் பத்துப் பன்னிரண்டு பேர், திசை பிடிக்க ஒருவர். புதுச்சேரிப் பக்கம் இதே மாதிரி படகைச் ‘சலங்கு’ என்றார்கள். ஓட்டியவர்கள் எல்லோரும் இந்தக் கரையின் மீனவர்கள். வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றும்போது கூடவே கட்டுமரங்களும் போகும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவது கட்டுமரக்காரர்களின் வேலை. கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகிறவர்கள், தலையில் இருக்கும் ஓலைக் குல்லாயில் அதை நனையாமல் செருகிக்கொண்டு போவார்கள்.

இந்தப் படகுகள் கம்பெனியின் மாஸ்டர் அட்டெண்டென்ட் என்ற அதிகாரியின் கட்டுப்பாட்டில் இருந்தன. அலை மோசமாக இருந்தால் கரையில் கொடி ஏறும். அதன் பிறகு படகு போவது ஆபத்து என்று அர்த்தம். கொடி இறங்கும்வரை வியாபாரியின் சரக்கு கப்பலிலேயே காத்துக் கிடக்கும். சரக்கு நனைந்தாலோ படகு கவிழ்ந்து மூழ்கினாலோ நஷ்டம் வியாபாரிக்கு. படகோட்டிக்கு? உயிரே போகலாம். கப்பல் கூலி, படகுக் கூலி, சுமை கூலி, கிடங்கு வாடகை என்று அடுக்கிப் பார்த்தால், அத்தனைக்கும் கீழே கடைசியாக நின்றவர் அவர்தான்.

ஒரு வேடிக்கை. இந்த வேலையின் சொற்கள் எல்லாம் நம் கடற்கரையிலிருந்து உலகத்துக்குப் போயிருக்கின்றன. கட்டுமரம், ‘கேட்டமரான்’ ஆனது. ‘கூலி’ என்ற ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று சொல்பவர்கள் உண்டு. ‘கோடௌன்’ என்ற சொல்லின் வேர் நம் கிடங்கில் இருக்கிறது. மலாய் மொழி வழியாகச் சுற்றி, ‘குடோன்’ என்று நம் வாய்க்கே திரும்பி வந்திருக்கிறது.

ஐஸுக்கு மட்டும் அவசரம்

இறக்குவதும் சேமிப்பதும் எவ்வளவு செலவு பிடித்த காரியம் என்பதற்கு, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்றும் ஒரு சாட்சி நிற்கிறது. இப்போது விவேகானந்தர் இல்லம், அப்போது ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியை உலகமெங்கும் விற்ற ஃபிரடெரிக் டியூடரின் நிறுவனம், மெட்ராஸுக்கு வரும் ஐஸை வைக்க 1842-ல் கட்டிய கிடங்கு அது. பாதி உலகம் தாண்டி வந்த ஐஸ், கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு மசூலாப் படகுக்காகக் காத்து நிற்க வேண்டும். கொடி ஏறியிருந்தால் கண் முன்னாலேயே சரக்கு தண்ணீராகும்.

டியூடரின் முதல் ஐஸ் கப்பல் 1833-ல் கல்கத்தா போனது. பாஸ்டனில் ஏற்றியது 180 டன், போய்ச் சேர்ந்தபோது மிச்சம் சுமார் 100 டன். அங்கே அதிகாரிகள் செய்ததைக் கவனிக்க வேண்டும். ஐஸுக்குச் சுங்க வரி வேண்டாம் என்றார்கள். வெயிலுக்கு முன்பே இறக்கிக்கொள்ள, வழக்கத்துக்கு மாறாக இரவிலும் இறக்க அனுமதி கொடுத்தார்கள். சரக்கு காத்திருந்தால் யாருக்கு நஷ்டம் என்பது அதிகாரிக்குப் புரிந்துவிட்டால் விதி எவ்வளவு சுலபமாக வளைகிறது! அந்த ஐஸ் போய்ச் சேர்ந்தது அவர்களுடைய கிளாஸில்தானே. கைத்தறித் துணி மூட்டைக்கும் தோல் கட்டுக்கும் அந்த அவசரத்தை யாரும் காட்டவில்லை.

பாலம், புயல், கணக்கு

1836-ல் தொடங்கிய மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸில் இருந்த ஐரோப்பிய வியாபாரிகள் தங்கள் பங்குக்குக் குரல் கொடுத்தார்கள். படகை நம்பி வியாபாரம் செய்ய முடியாது, கடலுக்குள் நீளும் ஒரு பாலம் வேண்டும் என்பது கோரிக்கை. நியாயம்தான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது இங்கே பாலமும் இல்லை, துறைமுகமும் இல்லை.

அலையைத் தாண்டி நீளும் இரும்புப் பாலம் 1861-ல் வந்தது. 1868-லும் 1872-லும் வந்த புயல்கள் அதை முடக்கிப்போட்டன. அடுத்து, முழுத் துறைமுகமே கட்டுவது என்று முடிவானது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கி, அலைதடுப்புச் சுவர்கள் முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அரை மைலுக்கு மேல் சுவரைக் கலைத்துவிட்டது. திரும்பக் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் ஆகிவிட்டன.

இத்தனை செலவையும் எப்படித் திரும்ப எடுப்பது? 1886-ல் ஒரு சட்டம் போட்டு ஹார்பர் டிரஸ்ட் அமைத்தார்கள். 1905-ல் அதைவிட விரிவான மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் சட்டம் வந்தது. இறக்கும் சரக்குக்கும் ஏற்றும் சரக்குக்கும் துறையில் கிடக்கும் நாட்களுக்கும் கட்டணப் பட்டியல் போட்டு, அரசின் ஒப்புதலுடன் வசூலிக்கும் அதிகாரம் வாரியத்துக்குக் கிடைத்தது. படகோட்டியின் கூலியாக இருந்த ஒன்று, அச்சிட்ட ரேட் அட்டவணையாக மாறிய இடம் இது. வாரியத்தில் வியாபாரிகளுக்கு நாற்காலி இருந்தது. படகு வலித்தவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

கிழக்கு நோக்கிய வாயில் மணல் சேர்ந்து தொல்லை கொடுக்க, 1904-ல் வந்த பொறியாளர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தார். கப்பல் நேராக ஒட்டி நிற்கும் மேடைகள் வந்தது அவர் காலத்தில்தான். மசூலாப் படகின் தேவை படிப்படியாகக் குறைந்தது. அவர் தலைவராக இருந்த அதே போர்ட் டிரஸ்ட்டின் கணக்குப் பிரிவில், 1912 மார்ச் 1-ம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பெயர் ராமானுஜன். உலகம் கொண்டாடும் கணித மேதை, ஓராண்டுக்கு மேல் இந்தத் துறைமுகக் கணக்குகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

தூத்துக்குடிக்கு இந்த மாற்றம் மிகத் தாமதமாகவே போனது. அங்கே ஆழம் குறைவு. கப்பல் பல மைல் தள்ளி நிற்க, தோணிகள்தான் சரக்கைச் சுமந்தன. 1974-ல் புதிய ஆழ்கடல் துறைமுகம் வரும்வரை ஒவ்வொரு மூட்டைக்கும் தோணிக் கூலி தனிக் கணக்கு.

தாமதம் யாருடைய தவறு?

சுதந்திரம் வந்தது, 1905-ம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. அதன் பல் எவ்வளவு கூர்மையானது என்பது, சென்னைத் துறைமுகம் தொடுத்த ஒரு வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் தெரிந்தது. ஓர் இறக்குமதி நிறுவனத்தின் சரக்கை அரசு அதிகாரிகள் விசாரணைக்காக நிறுத்திவைத்தார்கள். அந்த நாட்களுக்கும் சேர்த்து டெமரேஜ் கேட்டது துறைமுகம். சரக்கை எடுக்க முடியாமல்போனதில் இறக்குமதி செய்தவரின் தவறு எதுவும் இல்லாதபோது அவரிடம் வசூலிப்பது நியாயமில்லை என்று கருதியது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. துறைமுகத்தில் சரக்கு தேங்கினால் எல்லோருக்கும் பாதிப்பு, அரசின் ஒப்புதல் பெற்ற கட்டணப் பட்டியல் செல்லும் என்றது.

துறைமுகத்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. இடம் அதனுடையது, தடுத்துவைத்தது வேறொரு துறை. ஆனால் இரண்டு அரசு அலுவலகங்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டவர் பர்ஸைத் திறக்க வேண்டும் என்பது, மசூலாக் கால விதியின் மறுபதிப்பாகவே படுகிறது.

2009-ல் வந்த சுங்கத் துறையின் சரக்குக் கையாளும் விதிமுறைகள் இதைச் சரிசெய்யப் பார்த்தன. அதிகாரி பறிமுதல் செய்த அல்லது தடுத்துவைத்த சரக்குக்கு, அதைப் பாதுகாப்பவர் வாடகையோ டெமரேஜோ வாங்கக் கூடாது என்கிறது அந்த விதி. ஆனால் ‘நடைமுறையில் உள்ள வேறு சட்டங்களுக்கு உட்பட்டு’ என்று ஒரு சிறு தொடரும் கூடவே இருக்கிறது. பெரிய துறைமுகங்களுக்கு வேறு சட்டம் இருந்ததே! வழக்குகள் நிற்கவில்லை. 2020 ஊரடங்கில் பெரிய துறைமுகங்கள் டெமரேஜ் வாங்க வேண்டாம் என்று மத்திய அரசு சொன்னபோதும், கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் கப்பல் நிறுவனங்கள் தனியாக வாங்கும் ‘டிடென்ஷன்’ கட்டணத்துக்கு அறிவுரைதான் வந்தது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். டெமரேஜ் இடத்துக்கான காசு. டிடென்ஷன் பெட்டிக்கான காசு.

சரக்கை அனுப்புவதற்கு முன்பே இலவச நாட்கள் எத்தனை என்று இரண்டு தரப்பிடமும் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. சுங்கத் துறை தடுத்துவைத்திருந்தால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று சான்றிதழ் கேட்டு வாங்கலாம். சலுகை கேட்டு மனுப் போடும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான். அதே சமயம் காலக்கெடுவையும் மறந்துவிடக் கூடாது. இறங்கி 30 நாட்களுக்குள் எடுக்காத சரக்கை, உரிய அறிவிப்புக் கொடுத்து விற்க 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவு வழி செய்கிறது.