சொந்த உடம்பு தரும் தாங்கல்

பொங்கலுக்குக் குருவிநத்தத்தில் அத்தை வீட்டுக்குப் போனால், தெருப் பெண்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். இந்த முறை எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். 28 வயது. ஒரே பெண் குழந்தை. கரும்புக் கட்டுத் தூக்குகிறாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு வருஷமா அடி இறங்கியிருக்கு. வயித்துலேருந்தே பட்டை மாதிரி எடுத்து, அதாலயே கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்டணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. நல்லா இருக்கிற இடத்தை எதுக்குக்கா அறுக்கணும்? பேசாம கர்ப்பப்பையை எடுத்துட்டு வாங்கறாங்க மாமியார்."

இன்னொரு குழந்தை வேண்டுமென்ற ஆசையைப் பிறகுதான், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

டாக்டரம்மா சொன்னது புது விஷயமல்ல, சகோதரிகளே. நாலைந்து மாதத்தில் கரு நழுவிக்கொண்டே இருந்த பெண்களுக்கு, அவர்கள் தொடைத் தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான வெள்ளை உறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்து, கர்ப்பப்பை வாயைச் சுற்றிக் கட்டினார் பம்பாய் டாக்டர் ஷிரோத்கர். 1955-ல் அதை அவர் எழுதியது நம் சென்னையிலிருந்து வெளியான 'ஆன்டிசெப்டிக்' இதழில். (எனக்கு இதில் கொஞ்சம் பெருமை!) பட்டை போய் நாடா வந்துவிட்டது, தையலுக்கு மட்டும் இன்றும் அவர் பெயர்தான்.

அதே பம்பாயில், 1960-களில், டாக்டர் புரந்தரே இளம் பெண்களின் அடி இறக்கத்துக்கு ஒரு வழி செய்தார். அடிவயிற்றுத் தசை உறையில் இரண்டு பட்டைகள். ஒரு முனை வயிற்றோடேயே இருக்கும். மறுமுனையை உள்ளே கொண்டுபோய்க் கர்ப்பப்பையின் கழுத்தில் தைப்பார்கள். கர்ப்பப்பை போகாது, பிள்ளைக்கும் வழி இருக்கும்.

நாடா, வலை என்று கடையில் கிடைக்கும்போது ஏன் உடம்பை அறுக்க வேண்டும்? நம் சதையை நம் உடம்பு வேற்றாளாக நினைப்பதில்லை. செயற்கை வலை சிலருக்கு உள்ளே சதையை அரித்து, தீராத வலி கொடுத்துவிடுகிறது. இறக்கத்துக்காகப் பிறப்பு வழியாக வைக்கும் வலைகளை இனி விற்கக் கூடாதென்று 2019-ல் அமெரிக்க அரசே உத்தரவிட்டது.

சொந்தச் சதையிலும் நஷ்டம் உண்டு. அறுத்த இடம் வலிக்கும். பலம் குறைந்து அங்கே குடல் இறங்கலாம். அடி மறுபடி இறங்கவும் கூடும். இறக்கம் கொஞ்சமாக இருந்தால் கத்தியே வேண்டாம்; இடுப்படித் தசைக்கான பயிற்சியோ, உள்ளே வைக்கும் வளையமோ போதும். அதனால், "குழந்தை ஆசையை முதலில் டாக்டரம்மாகிட்ட சொல்லு. எவ்வளவு இறங்கியிருக்கு, வளையம் போதுமா, பட்டைதான் வேணுமான்னு கேளு. மனசு ஒப்பலேன்னா ஜிப்மர்லயும் ஒரு தடவை காட்டு" என்றேன்.

"ஆபரேஷன் ஆனா எத்தனை நாள்க்கா படுக்கணும்?"

"படுக்க வேணாம்மா. ஆனா மூணு மாசத்துக்குத் தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாது. கரும்பை மறந்துடு."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நேரே அவள் மாமியாரிடம் போனேன். "அறுவடை நேரத்துல மூணு மாசமா?" என்றார் அந்தம்மா. உடனே விடவில்லை. அப்புறம் மெதுவாக, தனக்கும் இருபது வருஷமாய் அடி இறங்கியிருப்பதைச் சொன்னார்.

வெட்டு முடிந்ததும் இரண்டு பேரையும் நான்தான் கூட்டிப்போகிறேன்.